மேல்மாடியில் குடிவந்தவன்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. செத்துப்போன தம்பிக்குப் பதினோரு வருஷம் சோறூட்டிய ஓர் அக்காவின் கதை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அந்தத் தம்பி அப்படிப்பட்டவன். நாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் கோபித்துக்கொள்வான்.

அக்கா டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மூளையில் புற்றுக்கட்டி எப்படி வளர்கிறது, எதைக் கொடுத்தால் நிற்கும் என்று ஆய்வுக்கூடத்தில் தேடுகிற டாக்டர். கல்யாணம் கட்டவில்லை. "மைக்ரோஸ்கோப்தான் எனக்கு மாப்பிள்ளை" என்பாள். "எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளை. குடுத்து வச்சவ" என்பான் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பெண்டாட்டி, மூன்று வயதில் ஒரு மகள். ஒருநாள் வேலையில் இருக்கும்போது, ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோனது. அடுத்த வாரம் சட்டைப் பொத்தான் போட வலது கை வரவில்லை. ஸ்கேன் படத்தை முதலில் பார்த்தது அக்காதான். அவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் கொடுமை.

அவனே ஆரம்பித்தான். "சின்ன வயசுலேர்ந்து என்னை மேல்மாடி காலின்னு திட்டுவியே அக்கா, இப்பப் பாரு. ஒருத்தன் குடிவந்துட்டான்."

"வாயை மூடுடா" என்றாள்.

அறுவை செய்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தர அவனே கையெழுத்துப் போட்டான். "என் தலைக்குள்ள ஓசியில தின்னவன். உன்கிட்டயாவது வேலை செஞ்சு சாப்பிடட்டும்" என்றான். துண்டிலிருந்து பிரித்த செல்களை அவள் குடுவையில் வளர்த்தாள். உடம்புச் சூட்டில் வைத்த அலமாரி, ரோஸ் நிறத்தில் ஒரு திரவம். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டு நாளைக்கொரு தரம் பழசை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும்.

கொஞ்சம் தெம்பாக இருந்த ஒருநாள் தம்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். சுண்டுவிரல் அளவுக் குப்பியில் கொஞ்சம் செல்களை உறையவைக்க அக்கா தயாராக இருந்தாள். குப்பியில் ஒட்டும் தாளில் பெயரை நான்தான் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். "மேல்மாடி" என்று எழுத அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்திருந்தன.

"கையெழுத்து கோணலா இருந்தா தலையெழுத்து நேரா இருக்கும்பாங்க. இதைப் பார்த்தா நான் நூறு வருஷம் இருப்பேன் போல."

எட்டு மாதம் இருந்தான்.

அவன் போன மூன்றாம் நாள் காலை. வீடு நிறைய ஆட்கள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் எலி மாமா. வாசலிலேயே வழிமறித்தார்.

"என்னம்மா இது? வீட்டுக்குப் போங்க. நான் ஊத்தறேன்."

"இன்னைக்கு அவனுக்குச் சாப்பாட்டு நாள் மாமா. பட்டினி கிடப்பான்."

'அவை' என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா? 'அவன்' என்றாள். எலி மாமா வழியை விட்டுவிட்டார்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. தம்பியின் பிறந்தநாள் தோறும் அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். குழந்தை முக்காலிமேல் ஏறி மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பாள். "அப்பா காலை நீட்டிப் படுத்திருக்காரு அத்தை. ஹேப்பி பர்த்டே அப்பா!" குடுவையின் தரையில் ஒட்டிக்கொண்டு நீண்டு கிடக்கும் செல்கள் அப்படித்தான் தெரியும். அது அப்பா இல்லை, அப்பாவைக் கொன்றது என்று பெரியவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொல்ல மனசு வரவில்லை. அவன் உடம்பிலிருந்து உயிரோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதானே.

அந்தச் செல்களைக் கொல்லும் மருந்தொன்றை அக்கா கண்டாள். ஏழு கட்டுரை எழுதினாள். விருது மேடையில், "இது என் தம்பியும் நானும் சேர்ந்து செய்த வேலை" என்றாள். எட்டாவது கட்டுரையை அனுப்பியபோதுதான் பத்திரிகையிலிருந்து ஒரு வரி வந்தது: செல்கள் யாருடையவை என்று சோதித்து அத்தாட்சி அனுப்பவும். இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்பதுதான். மனிதருக்குக் கைரேகை மாதிரி செல்லுக்கும் ஒரு ரேகை உண்டு. ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக இருந்த தம்பியின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது.

ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை.

குடுவையில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் நுரையீரல் புற்று. ஐம்பது வருஷமாக ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகக் கைமாறி வளர்கிற செல். பேர்கூட இல்லை, ஒரு எண்தான்.

அக்கா பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினாள். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு குடுவை திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாப்பாட்டு பாட்டில். தம்பி போன மூன்றாம் நாள் பக்கத்தில், அவள் கையெழுத்தில், தம்பியின் குடுவைக்கும், பக்கத்து அலமாரியில் வளர்ந்த அந்த எண் செல்லின் குடுவைக்கும் நேரே ஒரே பாட்டில் எண். கண்ணீர் மறைத்ததோ என்னவோ. ஒரு சொட்டு போதும். வேகமாக வளர்கிறது மெதுவாக வளர்கிறதைத் தின்றுவிடும். மூன்று வாரம் கழித்து அவளே எழுதியிருந்தாள்: 'வளர்ச்சி திடீரென்று கூடியிருக்கிறது. பிடிவாதக்காரன்.'

அந்த வரியை எத்தனை தரம் படித்திருப்பாள் என்று நான் எண்ணிச் சொல்ல முடியாது, கண்ணுகளா.

துறைத் தலைவர், "உலகம் பூரா நடக்கிற தப்புதாம்மா. அவசரப்படாதீங்க, மெதுவா எழுதலாம்" என்றார். அவள் அன்று மதியமே ஏழு கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதிவிட்டாள். அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. தயக்கமெல்லாம் வீட்டை நினைத்துத்தான். தம்பியின் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தம்பி மகள் எப்போதும்போல வந்து பார்த்துவிட்டுப் போவாள். சொன்னால், அவளுக்கு அப்பா இரண்டாம் தரம் சாவான், கொன்றது அத்தை.

ஒன்பது நாளில் எட்டை விழுங்கிவிட்டாள். எட்டாம் நாள் சாயங்காலம் தம்பி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள். தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா என் பொண்ணு யாரோட ரோகத்துக்கு அண்ணி பொறந்தநாள் வாழ்த்து சொன்னா?"

தம்பி பெண்டாட்டி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க கையில குடுத்தா பத்திரம்னு நினைச்சேனே. அவரை நான் மண்ணுக்குக்கூட முழுசாக் குடுக்கலையே, உங்களுக்குன்னு எடுத்து வச்சேனே!"

பதினாலு வயது மகள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் அழவில்லை. "அப்பா எழுதின குப்பி இருக்குன்னு சொல்வீங்களே அத்தை. அது?"

இருந்தது. உறைபனித் தொட்டியின் அடியில், அவன் உயிரோடு இருந்தபோதே மூடியது. ஒன்றே ஒன்று. "அதுல இருக்கறது உங்க அப்பாவோடதுதான். ஆனா திறந்தா ஒரு தரம்தான். முழிச்சாலும் முழிக்கும், முழிக்காமலும் போகலாம். திறக்காத வரைக்கும் இருக்கும்."

"இருக்கும்னா? உயிரோடயா?"

"தெரியாதுடா."

"தெரியாமலே வச்சிருந்து என்ன செய்ய? திறங்க."

தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறந்தநாள் காலை மூன்று பேரும் போனார்கள். தொட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்தது. அக்கா குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து மெல்ல அசைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. புதுப் பாட்டில், புதுக் குடுவை; பக்கத்தில் வேறெதுவும் இல்லை. எலி மாமா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உயிருள்ள செல் மறுநாளுக்குள் தரையைப் பற்றிக்கொள்ளும். செத்தது மிதக்கும்.

மறுநாள் மிதந்தது. அடுத்த நாளும் மிதந்தது. மூன்றாம் நாள் மகள் கண் வைத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, ஒன்றும் எதையும் பற்றவில்லை.

"இது அப்பாதானே?"

"ஆமாடா. சோதிச்சுப் பார்த்துட்டேன். அவனேதான்."

"அப்ப சரி" என்றாள். அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த இன்னொருத்தங்க... அவங்களைப் பார்க்க யாராவது வருவாங்களா அத்தை?"

"யாரும் வரமாட்டாங்க. யாருன்னே தெரியாதே."

"பாவம். பதினோரு வாழ்த்து அவங்களுக்குப் போனது போகட்டும்."

எலி மாமா குப்பியிலிருந்து ஒட்டுத்தாளை இடுக்கியால் மெல்ல உரித்து, துடைத்துக் காயவைத்துத் தம்பி பெண்டாட்டியின் உள்ளங்கையில் வைத்தார். சரிந்து விழுந்த அந்த எழுத்துகளை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இவரு கையெழுத்தும் பொய், நூறு வருஷமும் பொய்" என்றாள். பிறகு நிமிராமலே, "அண்ணி, சொட்டு விழுந்ததுக்காக எனக்குக் கோபம் இல்ல. அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்திருக்கணும். எங்ககூட உக்காந்து அழுதிருக்கணும். நான் உங்களைத் தேடினேன்."

அக்காவின் கண் அலமாரிப் பக்கம் போனது. அன்று மற்றக் குடுவைகளுக்குச் சாப்பாட்டு நாள்.

"போங்கம்மா" என்றார் எலி மாமா. "நான் ஊத்தறேன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பாட்டில், தெரியும்."

இந்தத் தரம் அவள் போனாள். தம்பி வீட்டுக் கூடத்தில், அவன் படத்துக்குக் கீழே, தம்பி பெண்டாட்டியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அழ வேண்டிய அழுகையைப் பதினோரு வருஷம் கழித்து அழுதாள். அந்த மடி விலகிக்கொள்ளவில்லை. மகள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகுமுன் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் யாருடைய தலைக்கு எது வந்தாலும், அது தலைப்பாகையோடு போகட்டும். நீங்கள் தேடுகிற ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோறு எங்கே என்று கேட்டுக்கொண்டே வாசல் வழியாக வரட்டும். அழ வேண்டிய நாள் வந்தே தீரும் என்றால், அன்று உங்கள் வீட்டில் ஒரு மடிகூடக் காலியாக இல்லாமல் இருக்கட்டும்.