குழாய்மேல் ஓடிய ஊர்

கரபிண்டா என்கிற ஆஸ்திரேலியச் சிற்றூரில் வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரே வருகிற யாரையும் சும்மா விடமாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு தரம் எழுந்து படுக்கும். அவ்வளவுதான் வணக்கம். தெரிந்தவரோ தெரியாதவரோ, வேலியோரம் நிற்கிற மாடோ, விரல் எழுந்தே தீரும். எழாவிட்டால் சாயங்காலத்துக்குள் "உடம்புக்கு ஏதாவதா?" என்று வீடு தேடி ஆள் வந்துவிடும்.

இந்த ஒற்றை விரலால் நோலீன் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

நோலீனுக்கு அறுபத்திரண்டு வயது. கல்குவாரிச் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவளுடைய பேக்கரி. வாசலில் அகலமான தகரத் தாழ்வாரம், அதன்கீழ் நீளப் பெஞ்சு. கடைக்கு முன்னால் போகிற சாலை நேரே விமான நிலையத்தில் போய் முட்டும். முன்பெல்லாம் அந்த நிலையம் ஒரு கொட்டகைதான். ஓடுதளத்தில் கங்காரு படுத்திருந்தால், அதை யாராவது ஜீப்பில் போய் எழுப்பி அனுப்பும்வரை விமானம் மேலேயே வட்டமடிக்கும். இப்போது ஓடுதளத்தை நீட்டி, கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, பிரிஸ்பேனுக்கு நாளுக்கு மூன்று, மெல்பர்னுக்கு ஒன்று என்று விமானங்கள் வந்துபோகின்றன.

நிலையம் வளர்ந்தால் சாலை சும்மா இருக்குமா? நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து விடப்போகிறார்களாம். கல்குவாரிச் சாலையையே அகலப்படுத்தலாமா, இல்லை ஊரைத் தொடாமல் குதிரைமசால் தீவன வயல்கள் வழியாகப் புதுச் சாலை போடலாமா என்று ஆராய்கிறார்களாம். நோலீன் அதை மூன்று தரம் படித்தாள். புதுச் சாலை வந்தால் கடை வாசலில் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. முப்பது வருட அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஆரஞ்சுச் சட்டை போட்ட இருவர் வந்து, சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணியடித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆடு வளர்க்கிற கிளைவ் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தான்.

"என்ன நோலீன், வாசல்ல பாம்பு படுத்திருக்கு?"

"பாம்பு இல்லய்யா, குழாய். மேல சக்கரம் ஏறினா எண்ணிக்குமாம். ரெண்டு வாரம் எண்ணுவாங்களாம். வண்டி நெறைய போனாத்தான் இந்த ரோட்டுக்கு மவுசு, பஸ்ஸும் இந்தப் பக்கம் வரும். இல்லேன்னா நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகிட்டு ரோல் தின்ன வேண்டியதுதான்."

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன?"

"அதப் பாத்துத்தான் காலையில மாவே பொங்க மாட்டேங்குது."

வண்டி நிறையப் போனால் நல்லது என்று நோலீனுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டாள். கிளைவும் கேட்கவில்லை. உரோமம் கத்தரிக்கும்போது கிழித்துக்கொண்ட வலது ஆள்காட்டி விரலை நீட்டினான். பேக்கரியில் இருக்கிற நீலப் பிளாஸ்திரியை எடுத்து அவளே ஒட்டிவிட்டாள். பேக்கரிக்காரர்கள் நீலத்தில்தான் வைத்திருப்பார்கள். மாவில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கிளைவ் இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல் ஒன்றைக் கடித்துக்கொண்டே வெளியே போனான். காது மடிந்த நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிக்கப் வண்டியைக் குழாய்மேல் ஏற்றினான். தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பி வந்தான். மறுபடி போனான். ஒவ்வொரு தரமும் கடைப் பக்கம் நீல விரல் எழுந்து படுத்தது.

மத்தியானத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. புல்தரையில் பந்துருட்டும் கழகத்துப் பெண்கள் நாலு காரில் வந்தார்கள். கால்பந்துக் குழு வந்தது. தீயணைப்பு வண்டி 'பயிற்சி' என்று சொல்லிக்கொண்டு மணியடித்தபடி போய்ப் போய் வந்தது. ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தில் உட்கார்ந்தே வந்துவிட்டார். எதிரும் புதிருமாகப் போனவர்கள் ஒருவருக்கொருவர் விரல் உயர்த்தி உயர்த்தி, ராத்திரி கரண்டி பிடிக்க முடியாமல் திண்டாடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நோலீன் ரோல் சுட்டுச் சுட்டுக் கொடுத்தாள். ஊரே தனக்காக வட்டமடிப்பதைப் பார்த்துக் காசு வாங்கவும் மறந்தாள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு, பளபளப்பான செருப்பும் மடிக்கணினியுமாக ஒருவன் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். பெயர் ஹாமிஷ். சாலை ஆய்வுக்காரன். டீயும், தேங்காய்ப்பூ உதிர்கிற லாமிங்டன் கேக் ஒன்றும் கேட்டான்.

"மொத வாரக் கணக்கு வந்துச்சு. நாளுக்கு ரெண்டாயிரத்து நூறு வண்டி. நம்ப முடியல, அதான் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஊர்ல எத்தன பேருங்க?"

"எண்ணூத்திச் சொச்சம் கண்ணு. நாயச் சேக்காம."

ஹாமிஷ் வெளியே பார்த்தான். வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரல் எழுந்தது. அவனும் மரியாதைக்காகப் பதிலுக்கு விரல் உயர்த்தினான்.

"நெசமாவே நெறையத்தான் போகுது."

"அப்ப பஸ் இந்தப் பக்கம்தானே?" நோலீன் கேட்டுக்கொண்டே இன்னொரு லாமிங்டனைத் தட்டில் வைத்தாள்.

"அது எப்படிங்க? ஏற்கெனவே இவ்வளவு நெரிசல். இதுக்கு மேல ஏர்போர்ட் வண்டியையும் இதுலயே விட்டா ரோடு தாங்காது. புது ரோடுதான். இந்தப் பழைய ரோட்ட அந்த முனையில அடைச்சிடலாம்னு யோசனை. உங்களுக்கும் நிம்மதி. தூசி இருக்காது பாருங்க."

நோலீன் வைத்த லாமிங்டனைத் தன்னையறியாமல் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வெளியே கிளைவ் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மறுபடி வந்துகொண்டிருந்தான். நோலீன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவளைப்போல வாசலுக்குப் போய், ஏப்ரனைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினாள். நிறுத்து, வீட்டுக்குப் போ என்று இரண்டு கையாலும் காட்டினாள். பந்தயத்தில் கொடி அசைத்து உற்சாகப்படுத்துகிறாள் என்று கிளைவ் எடுத்துக்கொண்டான். ஹாரனை அடித்து, விரலை உயர்த்தி, இன்னும் வேகமாகப் போனான். பின்னால் வந்த தீயணைப்பு வண்டியும் மணியடித்தது.

அன்று கடிகாரம் நகரவே இல்லை. வாசலுக்கு அவள் ஓடிய ஒவ்வொரு தரமும் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு மணிக்கு உள்ளே வந்தபோது ஹாமிஷ் தன் விரலை நீவிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஊர்ல நீலப் பிளாஸ்திரி போட்டவங்க எத்தன பேரு?"

"எதுக்குக் கண்ணு?"

"காலையிலேர்ந்து பதினேழு பேரு போயிருக்காங்க. பதினேழு பேருக்கும் வலது ஆள்காட்டி விரல்லதான் காயம். பதினேழு பேரு பக்கத்துலயும் ஒத்தக் காது மடிஞ்ச நாயி."

ஊரில் பாதி வண்டி வெள்ளைப் பிக்கப்தான். கிளைவ் மட்டும் அந்த விரலைக் கீழே வைத்திருந்தால் நாயை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஆண்டவனுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் விரல் உயர்த்தாமல் ஒரு மனிதனைத் தாண்டிப் போவதா? அவன் ஜன்மத்தில் முடியாது.

நோலீன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், புல்வெட்டும் இயந்திரத்தைக்கூட விடவில்லை.

"நெசமா ஓடுறது இருநூத்திச் சொச்சம்தான். ஊர்க்காரங்க மேல தப்பு இல்ல. நான்தான் சொன்னேன்."

ஹாமிஷ் கேக் தட்டின்மேல் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

"இருநூறுன்னா புது ரோடே வேண்டாம். பஸ்ஸுக்குப் பழைய ரோடே போதும்."

நோலீனுக்கு உயிர் வந்தது.

"ஆனா இங்க நிக்காது. நிக்கணும்னா ஏற ஆளு வேணுமே? ஊர்ல எல்லார்கிட்டயும் வண்டி இருக்குன்னுதான் நீங்களே பத்து நாளா காட்டிட்டீங்களே. நேரா ஏர்போர்ட் போயிடும்."

வந்த உயிர் வாசல்வரை போய்விட்டது. ஜன்னலோரமாகத் தன் பேருந்து நிற்காமல் போவதை அவள் அப்போதே பார்த்துவிட்டாள்.

கதவு மணி கிலுங்கியது. விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிற மெர்லிண்டா உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் ஐந்து பேர். சாமான் ஏற்றுகிறவர்கள், அங்கே காபி ஊற்றுகிற பெண்கள். எல்லார் செருப்பிலும் செம்மண்.

"நோலீன், ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு இன்னைக்கு யாரு போறா?"

"கிளைவ் போறான். பதினெட்டாவது தடவ."

ஹாமிஷ் திரும்பி அந்தச் செருப்புகளைப் பார்த்தான். "நீங்க தெனமும் இங்க வருவீங்களா?"

"மூணு ஷிப்ட்டுக்கும் வருவோம். வீட்டுலேர்ந்து நடந்து வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்துப்போம். நோலீன் போற வண்டிய மறிச்சு ஏத்தி விடுவாங்க. யாரும் கெடைக்கலன்னா மாவு வண்டி. போய் எறங்கறப்ப நாங்களே பேய் மாதிரி இருப்போம்."

"குழாயில நீங்க ஒருத்தர்கூடப் பதிவாகலியே?"

"நாங்கதான் நடந்து வர்றோமே, சார்."

நோலீனுக்கு யாரோ மண்டையில் பூரிக்கட்டையால் தட்டினதுபோல இருந்தது. இரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறவள் அவள். பேருந்து வேண்டியது இவர்களுக்குத்தான் என்று தோன்றாமல், வண்டி உள்ளவனையெல்லாம் கூப்பிட்டு வட்டமடிக்க விட்டிருக்கிறாள்!

ஹாமிஷ் மடிக்கணினியில் ஏதோ தட்டினான். "குழாய்க் கணக்கு செல்லாதுன்னு எழுதிடறேன். காரணம், 'உள்ளூர்ப் பழக்கம்'. அடுத்த செவ்வாய் வந்து காலுங்கள எண்ணுறேன். ஒண்ணு மட்டும்: இவங்களுக்காக வேற யாரும் நடக்கக் கூடாது."

அவன் சந்தேகப்பட்டது சரிதான். செவ்வாய்க்கிழமை கிளைவ் நாயைக் கூட்டிக்கொண்டு பெஞ்சுப் பக்கம் இரண்டு தரம் நடந்தான். மூன்றாம் தரம் நோலீன் பூரிக்கட்டையோடு வெளியே வந்து வீட்டுக்கு விரட்டினாள். அன்றைக்கு மெய்யாக நடந்து வந்தவர்கள் பத்தொன்பது பேர். அது போதுமாக இருந்தது.

எட்டு மாதத்தில் சாலையின் குழிகள் மூடப்பட்டன. வாசலில் ஒரு கம்பம் நட்டார்கள். முதல் பேருந்து ஒன்றரை மணிக்கு என்று அறிவிப்பு வந்தது. ஊரே தாழ்வாரத்தில் கூடிவிட்டது. நோலீன் சூட்டுக் கையுறைகளோடு ரோல் தட்டை ஏந்தி நின்றாள். மெர்லிண்டாவும் கூட்டாளிகளும் கம்பத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

வளைவைத் தாண்டிப் புத்தம் புதுப் பேருந்து வந்தது. கம்பத்தடியில் நின்ற அத்தனை பேரும் ஆள்காட்டி விரலை உயர்த்தினார்கள்.

ஓட்டுநர் பக்கத்து ஊர்க்காரர். முகமெல்லாம் பல்லாகி, தானும் ஒரு விரலை உயர்த்தினார். நிற்காமல் போய்விட்டார்.

தட்டு பெஞ்சில் விழுந்தது. நோலீன் சாலை நடுவே ஓடினாள். கையுறை போட்ட இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினாள். எதிர்த்திசையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, கிளைவின் பிக்கப் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவன் புரிந்துகொண்டான். வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினான். பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "என்னாச்சு? நீங்க வணக்கம்தானே சொன்னீங்க?"

"வணக்கமும்தான் கண்ணு," மூச்சு வாங்கியது நோலீனுக்கு. "ஏறுறதுக்கும்தான்."

"ஏறணும்னா கைய முழுசா நீட்டணும்மா. அதான் விதி."

"முழுக் கையா?" கிளைவ் இறங்கி வந்தான். "வீடு பத்திகிட்டாத்தானய்யா முழுக் கையத் தூக்குவோம்!"

மெர்லிண்டா முதலில் ஏறினாள். நோலீன் தட்டில் தப்பிய ரோல்களில் ஒன்றை ஓட்டுநர் கையில் திணித்தாள்.

கையை நீட்டப் பழகலாம் என்று ஊரார் ஒரு வாரம் முயன்றார்கள். வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். கடைசியில் ஓட்டுநர்தான் பழகிக்கொண்டார். கடை வாசலை நெருங்கும்போது எங்கிருந்து ஒரு விரல் எழுந்தாலும் நிறுத்திவிடுகிறார். எதிரே வருகிற வண்டியிலிருந்து எழுந்தாலும்தான். முதல் மாதத்தில் கிளைவ் ஒருவனே ஒன்பது தரம் பேருந்தை நிறுத்தினான்.

அதனால் இப்போது ஒன்றரை மணிக்கு அவன் அந்தப் பக்கம் வந்தால், விரலை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று நோலீனுக்குத் தெரியும். சூடாக ஒரு ரோலைத் தனியே எடுத்து வைக்கிறாள்.