சுரப்பியின் மேல் போட்ட பழி

ஸ்கூட்டர் அவளுடையது. அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்று முடி வெட்டிச் சேர்த்த காசில் அவளே வாங்கியது. அதைக் கணவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். "ஒரு வாரந்தான், பாவம் வேலை தேடுறான்" என்றான். வாரம் மாதமாகி, வெயில் போய் மழையும் வந்தாயிற்று. கொழுந்தன் வேலையும் தேடவில்லை, வண்டியையும் திருப்பித் தரவில்லை. அவள் பேருந்தில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள். கோபம் வராதா? வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சேதி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கணவன் வீட்டில் அவளுக்குப் பெயரே பட்டாசு.

மாமியார்தான் ஆரம்பித்து வைத்தார்.

"இது சாதாரணக் கோபம் இல்லடா. என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தைராய்டு! கழுத்துல இருக்கிற சுரப்பி கூடுதலா சுரந்தா மனுஷி நிதானத்துலயே இருக்க மாட்டா. ரத்தம் குடுத்துப் பாரு."

வண்டியைக் கேட்டவளை ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போனார்கள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது? அதிலும் கொடுமை, சோதனை முடிவு மாமியார் பக்கமே சாட்சி சொன்னது. ஹார்மோன் அளவு எகிறிக் கிடந்தது.

டாக்டர் கணவனைப் பார்த்தே பேசினார். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தைராய்டு சுரப்பிதான் முடிவு செய்கிறது, ஹார்மோன் கூடினால் நெஞ்சு படபடக்கும், இளைப்பார்கள், கை நடுங்கும், எரிச்சல் வரும் என்றார்.

"எனக்குக் கை நடுங்கலையே டாக்டர்" என்று அவள் குறுக்கே புகுந்தாள். "நடுங்கினா இந்நேரம் எத்தனை பேர் காதை வெட்டியிருப்பேன்?"

டாக்டர் கணவனைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, எரிச்சல்."

வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். சுரப்பியை அடக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவள் உண்மையிலேயே நோயாளி ஆனாள். முகம் ஊதியது. எல்லோரும் புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருக்க அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது. கால் இரண்டும் மூட்டை கட்டிவிட்ட மாதிரி கனத்தன. கணவன் தம்பியிடம் போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது: "இப்ப பரவாயில்லடா. நல்லா அடங்கிட்டா."

ஆள் அடங்கினாள், அளவு அடங்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் அதே எகிறல். கடைசியில் டாக்டர் கதிரியக்க அயோடின் குடிக்க நாள் குறித்தார், வரும் வெள்ளிக்கிழமை. அதைக் குடித்தால் சுரப்பி செத்துப் போகும். பிறகு ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை.

"எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. எதுக்கு இது?" என்று வீட்டில் கத்தினாள்.

"ஒண்ணும் இல்லன்னு நீ இப்படிக் கத்துறியே, அதுதாம்மா வியாதி" என்றான் கணவன்.

வாயைத் திறந்தால் வியாதி, மூடினால் மருந்து வேலை செய்கிறது. தப்பிக்க வழி எங்கே?

அழகு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலாளியம்மா கல்லாவில் முடி வளர்க்கும் மாத்திரைப் புட்டியோடு உட்கார்ந்திருப்பார். கடையில் விற்கிற சரக்குதான். ஆளாளுக்கு ஒன்றை அவர் கண்முன்னே விழுங்கித் தண்ணீர் குடித்தால்தான் வந்ததாகக் கணக்கு. "நம்ம தலைதான் நமக்கு விளம்பரம். எலிவால் மாதிரி வச்சுக்கிட்டு எவ தலைக்கு மருந்து விப்பீங்க?" என்பார்.

மறுநாளும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். துவாலை காயும் அறையில் 'பூனை' என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் அழுதுகொண்டிருந்தாள். நகம் அழகுபடுத்துகிறவள். தன் காலை யாராவது மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிற வாயில்லாப் பூச்சி என்பதால் அந்தப் பெயர்.

"அசதியா இருக்குன்னு ரத்தம் குடுத்தேன்க்கா. எனக்கும் தைராய்டு கூடுதலாம். மாத்திரை எழுதிட்டாங்க."

அவள் பூனையை மேலும் கீழும் பார்த்தாள். கூடுதலாகச் சுரந்து இவள் எந்த ஊரை எரித்தாள்? பூனையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் டாக்டரைப் பார்க்கப் பேருந்து ஏறினாள்.

"முன்னாடியே சொல்லாம இப்படி வரக் கூடாது" என்றார் டாக்டர்.

"கோபம் தைராய்டால வருதுன்னீங்களே. இவளுக்கும் அதே தைராய்டுதான். இவகிட்ட கேளுங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டுப் பூனையிடம் திரும்பினார். "கோபம் வருமாம்மா?"

"வராது டாக்டர். வந்திருந்தா மன்னிச்சிருங்க."

டாக்டர் இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல வேலையா? பொதுவா என்ன சாப்பிடுவீங்க?"

"அவங்கவங்க வீட்டுச் சாப்பாடு."

"மாத்திரை?"

"அன்னிக்கே இல்லைன்னு சொன்னேனே!"

பூனை மெல்லச் சொன்னாள். "அக்கா, காலையில மேடம் குடுக்கிறது?"

"அது மாத்திரையாடி? அது நாம வந்ததுக்குக் கணக்கு!"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முடி மாத்திரையில் பயோட்டின் என்று ஒரு வைட்டமின் இருக்கிறது. அதனால் சுரப்பிக்கு ஒன்றும் ஆகாது. ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின்தான் குழம்பிப்போய்த் தப்புக் கணக்குச் சொல்லும் என்று விளக்கினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! முடி மாத்திரை, சுரப்பி மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டு மறு வாரம் ரத்தம் கொடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை அயோடின் வேண்டாம் என்றார்.

"ஒண்ணும் இல்லைன்னு நான் அன்னிக்கே சொன்னேனே டாக்டர்?"

"நீங்க கொஞ்சம் கோபமா சொன்னீங்க."

"இவ மெதுவாத்தான் சொன்னா. இவளுக்கும் மாத்திரைதான எழுதினாங்க?"



மறு வாரம் முடிவு வந்தது. பூனைக்கு எல்லாம் சரி. இவளுக்கு ஹார்மோன் கூடவில்லை, குறைந்திருந்தது. நல்லாயிருந்த சுரப்பியை அவர்கள் கொடுத்த மாத்திரைதான் படுக்க வைத்திருந்தது. இனி தானே எழுந்துகொள்ளும் என்றார் டாக்டர். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் கணவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா! தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. வியாதி இல்லன்னா இனிமே கோபமும் வராதுல்ல?"

அவளுக்கு உடம்பு இன்னும் கனத்துத்தான் கிடந்தது. குரல் உயரவில்லை.

"வியாதி எப்பவுமே இல்ல. அப்ப இத்தனை நாளா வந்த கோபம் யாரோடது?"

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"என்னோடது" என்றாள். "உங்க தம்பிக்குப் போன் போடுங்க. இன்னிக்கே என் வண்டி வாசல்ல நிக்கணும்."

கணவன் அம்மாவைப் பார்த்தான். மாமியார் வழக்கம்போல, "இது வந்துடா..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் வியாதி எதுவும் மிச்சமில்லை. கணவன் போனைத் தேடி எடுத்தான்.