ஒன்பது சிலிண்டர் சத்தம்

உப்பளத்துக் காற்றில் அலுமினியத்தை வைத்துக் காப்பாற்றிப் பாருங்கள், அப்புறம் என் கோபத்தைப் பற்றிப் பேசலாம். காலையில் துடைத்து, கிரீஸ் தடவி, பாலித்தீன் சுற்றிக் கட்டிவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து பிரித்தால் சிலிண்டரின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். இரும்பு துருப்பிடித்தால் சிவப்பாகவாவது தெரியும். அலுமினியம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாவாகிப்போகும். மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு விமான இன்ஜினைக் கட்டி அழுகிறவர் இவர் ஒருத்தர்தான் என்று என் மனைவி அம்சவள்ளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெருமையாகச் சொல்வதில்லை.

இன்ஜின் என்னுடையதும் இல்லை. அம்சவள்ளியின் அண்ணன் தட்சணாமூர்த்திக்கு இங்கே உப்பளம் இருக்கிறது. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், பேரிங் எல்லாம் பழைய இரும்புக் கடையில் மொத்தமாக அள்ளி வருவது அவர் வழக்கம். அப்படி அள்ளி வந்த லோடில் இது கிடந்தது. எந்தக் காலத்துப் பயிற்சி விமானத்திலிருந்து கழற்றியதோ, யார் கண்டார்கள். அவர் உப்பு கொட்டுகிற கூடத்தில் கேஸ் கட்டரோடு ஆள் தயாராக நின்றான். நான் போய்க் குறுக்கே நின்றுகொண்டேன். "மாப்ள, நகரு, அறுத்தாத்தான் எடைக்குப் போடலாம்" என்றார் மச்சான். நகரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த கழுத்தறுப்பு இது.

நான் திண்டிவனம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறை வாத்தியார். மெஷின் எனக்குப் புதிதல்ல. ஆனால் இதைப் பிரித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பது சிலிண்டரும் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றின் பிஸ்டனுக்கும் ஒரு ராடு, அதில் ஒரே ஒரு பெரிய ராடு மட்டும் நடுவில் சுழல்கிற கிராங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற எட்டு ராடும் அந்தப் பெரிய ராடின் தலையைச் சுற்றிக் கோத்திருக்கும், மூத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு தம்பிமார்கள் நிற்கிற மாதிரி. இன்ஜினைச் செய்தவன் ஒவ்வொரு ராடையும் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். இன்ஜினுக்குள்ளே எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? அழகுக்கு இல்லை அது. ஒரு கீறல் இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் பிறக்கும், அதற்காக. அப்படிச் செய்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது எனக்கு.

சத்தம் அதைவிட. ஒன்பதும் வரிசையாக வெடிக்காது, ஒன்று விட்டு ஒன்று வெடிக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அப்புறம் இரண்டு, நாலு, ஆறு, எட்டு. மெதுவாக ஓடும்போது அதில் ஒரு நொண்டல் இருக்கும். அந்த நொண்டலில்தான் உயிர் இருக்கிறது. யூடியூபில் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். சாப்பிடும்போது தட்டில் விரலால் தட்டிக் காட்டுவேன். "இன்னாங்க, சோத்தத் துன்னுங்க மொதல்ல" என்பாள் அம்சவள்ளி. உப்பு வாருகிற கொளஞ்சியம்மாளிடம் ஒரு தடவை செல்போனில் போட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க மோட்டாரும் இப்பிடித்தான் கத்துது வாத்தியாரே" என்றாள். வயிறு எரிந்தது. அந்த ஒற்றை சிலிண்டர் டீசல் பம்ப்செட்டையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசினால் யாருக்குத்தான் எரியாது? சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவள் மூஞ்சி சின்னதாகிவிட்டது.

இப்படித்தான் நாலு வருஷம். ஒருத்தர்கூட வந்து "இது இன்னா, எப்பிடி ஓடும்" என்று மனசாரக் கேட்டதில்லை. கேட்க மாட்டார்களா என்று நான் தவித்ததும், கேட்கவில்லை என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்ததும்தான் மிச்சம்.

போன மழைக்கு முன்னால் மச்சான் ஒரு முடிவு சொல்லிவிட்டார். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற ஒருவர் இன்ஜினை வந்து பார்த்தார். பெயின்ட் அடித்து, படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் டேபிளாக வைத்துக்கொள்கிறேன் என்றார். டேபிள். காபி வைப்பதற்கு. நான் அங்கேயே கத்தினேன். அதே மாதத்தில் இன்டர்நெட்டில் பழக்கமான பரத் என்கிற பையன், பெங்களூர் பக்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பயிற்சி விமானத்தைப் பறக்க வைக்கப் பார்க்கிறவன், இதே மாடல் இன்ஜின் தேடிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் கறாராகச் சொல்லிவிட்டான். "ஓடற இன்ஜின்னா எடுத்துக்கறோம் சார். உள்ள ராடு போச்சுன்னா மாத்தறதுக்கு எங்க கிட்ட எதுவும் இல்ல. எங்க தேடியும் கிடைக்கல."

மச்சான் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டார். "இந்தத் தையில உப்பு கொட்ட எனக்குக் கூடம் வேணும் மாப்ள. ஓடிச்சுன்னா பரத் தம்பிக்கு. ஓடலன்னா கெஸ்ட் ஹவுஸுக்கு. இதுக்கு மேல எங்கிட்ட பேசாத." நியாயமான பேச்சுதான். அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். மழைக்காலம் முடிந்து உப்பளங்களில் பம்ப்செட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிற வாரம் அது. கூடத்துக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் இன்ஜினை போல்ட் போட்டு இறுக்கி, சோதனை ஓட்டத்துக்கென்று பரத் அனுப்பியிருந்த குட்டையான புரொப்பெல்லரை மாட்டியிருந்தேன். காலையிலேயே போய் கீழ் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி, தேங்கியிருந்த எண்ணெயை வடியவிட்டேன். வட்டமான இன்ஜினில் இதுதான் பெரிய ஆபத்து. நிற்கும்போது எண்ணெய் கீழே தலைகீழாக இருக்கிற சிலிண்டர்களில் இறங்கிவிடும். பிஸ்டன் வந்து அதை அழுத்தினால் எண்ணெய் நசுங்காது, ராடுதான் வளையும். அதனால் வடித்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் பல சுற்று சுற்றிப் பார்த்து, பிளக்கை மாட்டினேன். எல்லாம் சுத்தம்.

அப்போது பார்த்து பரத்தின் போன். வழி தவறி கீழ்புத்துப்பட்டு வரை போய்விட்டானாம். "அங்கியே நில்லுப்பா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மேப்பை நம்பி வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது கூடத்துக்கு முன்னால் கூட்டம். மச்சான், உப்பள ஆட்கள், கொளஞ்சியம்மாள், அவள் கூட வேலை செய்கிறவர்கள். அம்சவள்ளியும் வந்திருந்தாள். பொங்கலுக்கு எடுத்த புடவை கட்டி, தலையில் பூ. இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நாலு வருஷத்தில் அவள் அந்தக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "தள்ளி நில்லுங்க, காத்து இழுக்கும்" என்று அதட்டி வைத்தேன்.

காற்று வாயில் தூசிக்காகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, இன்னொரு தடவை புரொப்பெல்லரைக் கையால் சுற்றினேன். தடங்கல் இல்லாமல் வந்தது. பேட்டரி கொடுத்தேன். புரொப்பெல்லர் தயங்கித் தயங்கி நாலு சுற்று சுற்றியது. ஒரு சிலிண்டர் வெடித்தது. இன்னொன்று. வெள்ளைப் புகை மொத்தமாகக் கிளம்பிக் கூட்டத்தை மூடியது. அப்புறம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

நெஞ்சுக் கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அந்தச் சத்தம். போனில் கேட்டது எல்லாம் வெறும் நிழல். பாத்திக் கரையில் நின்ற கொக்குகள் மொத்தமும் எழுந்தன. காலடி மண் அதிர்ந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ஐந்து, ஏழு, ஒன்பது, இரண்டு, நாலு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு போனேன். திடீரென்று புகை கனத்தது. ஆறாவது சிலிண்டரின் வெடி வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் டக் என்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலும் டக். இரும்பும் இரும்பும் முட்டுகிற சத்தம். அவ்வளவு பெரிய இரைச்சலுக்குள் அது ஒரு சின்ன டக்தான். என் காதுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்விட்சை அணைத்தேன்.

கூட்டம் கை தட்டியது. விசில் அடித்தார்கள். பரத் செல்போனில் வீடியோ எடுத்தபடி சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். "சார், பிரமாதம் சார். ஏன் சார் அதுக்குள்ள நிறுத்திட்டீங்க?" மச்சான் என் தோளில் அடித்தார். "ஓடிடுச்சு மாப்ள. சொன்ன சொல்லு சொன்னதுதான். பரத் தம்பியே எடுத்துனு போவட்டும்."

நான் கீழே குனிந்து ஆறாவது சிலிண்டருக்குப் போகிற காற்றுக் குழாயின் கீழ் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் கொட்டியது. புது எண்ணெய், பொன் நிறத்தில். என் இன்ஜினில் ஓடிக் கறுத்தது இல்லை.

"அதான் வாத்தியாரே, நாங்க ஊத்தினது" என்றாள் கொளஞ்சியம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க தம்பியக் கூட்டியாரப் போயிருந்தீங்க. மொத மொத ஓடப் போவுது, சும்மா உட்டுட முடியுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த டீசல் பம்ப்செட் தையில் லேசில் பிடிக்காது. காற்று இழுக்கிற வாயில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுற்றினால் இறுக்கம் கிடைத்துப் பிடித்துக்கொள்ளும். அதுவே இங்கே வழக்கமாகிவிட்டது. வருஷத்தின் முதல் ஓட்டத்துக்கு அந்த அளத்தில் பாடுபடப் போகிறவர்கள் எல்லோரும் கரண்டியைத் தொட்டுத்தான் ஊற்றுவார்கள். ஊற்றாதவன் அந்த அளத்துக்கு வேற்று ஆள். என் இன்ஜினுக்கும் காற்று வாய் மேலேதான் இருக்கிறது. நான் கட்டி வைத்திருந்த துணியை அவிழ்த்து, ஊற்றிவிட்டு, பத்திரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஊற்றினது குழாய் வழியே இறங்கிக் கீழே காத்திருந்தது. கையால் மெதுவாகச் சுற்றினபோது அது அசையவில்லை. இன்ஜின் ஓடி இழுத்தபோதுதான் சிலிண்டருக்குள் போனது.

"எத்தினி ஊத்தினீங்க?" என்றேன்.

"ஒம்பது இருக்குதே, ஒரு கரண்டி பத்துமா? ஆளுக்கு ஒண்ணு ஊத்தினோம். மொதக் கரண்டி அம்சவள்ளி கையாலதான். அதான் டக்குனு புடிச்சிக்கிச்சு, பாத்தீங்களா."

அம்சவள்ளி வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. யாரைக் கேட்டு ஊத்தினீங்க, அறிவிருக்கா, நாலு வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்காம இன்னைக்குத்தான் வந்து சாவடிக்கணுமா என்று ஒரு மூச்சுக் கத்தியிருப்பேன். எப்போதும் அப்படித்தானே கத்துவேன். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தள்ளி நின்று நண்பர்களுக்கு வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்த பரத்துக்கு இது எதுவும் காதில் விழவில்லை. "நாளைக்கே லாரி அனுப்பட்டுமா சார்?" என்றான். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். வளைந்த ராடு உடனே உடையாது. தரையில் நன்றாகவே ஓடிக் காட்டும். மேலே ஏறும்போது, முழு பலத்தையும் கேட்கும்போது, அன்றைக்குத்தான் உடையும். அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் இந்தப் பையன்.

அவனைத் தனியே கூட்டிப்போய் சொன்னேன். கீழ் சிலிண்டருக்குள் எண்ணெய் போய் ராடு வளைந்துவிட்டது, எடுக்காதே என்று. அவன் முகம் செத்துவிட்டது. "எப்பிடி சார்? யாரு எண்ணெய் ஊத்தினது?"

"நான்தான். பம்ப்செட் பழக்கத்துல ஊத்திட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை வாங்கிக்கொண்டேன். நாலு மாசமாக இந்த இன்ஜினைப் பற்றி அவனுக்குப் போனில் பாடம் நடத்தினவன் நான்.

கூட்டத்துக்கு வந்து, "இது பறக்காது. கெஸ்ட் ஹவுஸ்காரருக்கே குடுத்துடுங்க மச்சான்" என்றேன். மச்சானுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏம்பா, இப்பத்தானே ஊரே பாத்துது? ஓடினத ஓடலன்றியே, பைத்தியம் புடிச்சிருக்கா?" என்றார். ராடு போச்சு என்றேன். ஏன் போச்சு என்றார். பழைய இரும்பு, அப்படித்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. பிறத்தியாருக்குக் கொடுக்க இவருக்கு மனசில்லை, அதுதான் வேஷம் போடுகிறார் என்று எவனோ பின்னால் சொன்னான். கொளஞ்சியம்மாள் எண்ணெய்க் கரண்டியைப் புடவை முந்தியில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கெஸ்ட் ஹவுஸ் வண்டி வந்தது. ஏற்றும்போது நான் போகவில்லை. வீட்டில் அம்சவள்ளி சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டே கேட்டாள்.

"நாங்க தொட்டோம்னுதானே வேணாம்னுட்டீங்க?"

"இல்ல அம்சா."

"பொய் சொல்லாதீங்க. எண்ணெய் ஊத்தினோம்னு கொளஞ்சியம்மா சொன்ன ஒடனே ஒங்க மூஞ்சி மாறினத நான் பாத்தேன். ஒரு நாளாவது எங்கள அதுகிட்ட சேத்திருக்கீங்களா? அன்னிக்கு ஆசையா வந்து நின்னோம். அதுகூடப் பொறுக்கல ஒங்களுக்கு."

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் என் மேல் இருக்கிற பழி போய்விடும். அது அவள் தலையில் போய் உட்காரும், அவள் சாகிற வரைக்கும்.

"ஆமா, பொறுக்கல" என்றேன்.

அவள் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.