அப்பாவை இறக்கிய இடம்

அப்பாவின் சவப்பெட்டி போன கண்ணாடி வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த வினோலியா அண்ணாந்து பார்த்தபோது, விமானம் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கரும்புக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த மஞ்சள் குட்டி விமானம்தான். யாரோ ஒரு கம்பெனிக்காரன் சோதனைக்குக் கொண்டுவந்தது. அதன் இரைச்சலில் வீட்டு ஜெபம் பாதி காதில் விழவில்லை. இப்போது இன்ஜின் நின்றுபோய், காற்றைக் கிழிக்கிற ஓசை மட்டும். பேண்டு செட்காரர்கள் ஊதுவதை மறந்தார்கள். விமானம் பனைகளைத் தப்பித் தாண்டி, கல்லறைக்கு இந்தப் பக்கமிருந்த தரிசில் தொப்பென்று இறங்கி, புழுதியோடு ஓடி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

அவ்வளவுதான். அதுவரை தலையைக் குனிந்து நடந்த கூட்டம், யாரோ பாதி விலை என்று கூவியதைக் கேட்டதுபோல் அங்கே ஓடியது.

வண்டிக்குள் கிடந்த ஆரோக்கியதாஸ் முப்பது வருஷம் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். யார் எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்கிற மனுஷர். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் அன்றைக்கே பாத்திரம் கட்டுவார். பந்தியில் இலை போட்ட பிறகு, “பர்மனென்ட் ஆளுங்க வந்துட்டாங்க” என்றால் சிரித்துக்கொண்டே அடுத்த பந்திக்குப் போவார். அதனால்தான் வினோலியா ஒற்றைக்காலில் நின்று இந்தக் கண்ணாடி வண்டியைப் பிடித்தாள். கல்லறை வரைக்குமாவது ஒருத்தரும் அவரை இறங்கச் சொல்லக் கூடாது.

நாலு பேர் பைலட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் ரத்தம், முழங்காலுக்குக் கீழே கால் கோணியிருந்தது. கிட்டே வந்ததும் மருந்து நெடி மல்லிகை மாலையை அமுக்கியது.

“ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டுல மாட்டிகினு நிக்குதாம்” என்றார் சித்தப்பா சைமன்ராஜ். “ரத்தம் நிக்கமாட்டேங்குது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு இந்தாண்டதான் கீது.”

“வேற வண்டி இல்லையா?”

“எல்லாம் பைக்கு. இந்தக் காலை வச்சிகினு எப்டிம்மா குந்துவாரு?”

எல்லோரும் கண்ணாடி வண்டியைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேருக்கு எடமில்லைங்க” என்று டிரைவர் ராஜாங்கம் மட்டும் பொதுவாகச் சொன்னார்.

யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விமானத்தின் மேலா, கேட் மேலா? அப்பாவிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

“எறக்குங்க” என்றாள். வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

பெட்டியை இறக்கும்போது பைலட் மிரண்டான். “உள்ள யாருங்க?”

“எங்கப்பா.”

“வேணாங்க. நான் ஆம்புலன்ஸுக்கே இருக்கேன்.”

“ஏறுங்க சார்” என்றார் ராஜாங்கம். “இந்த வண்டில போய்ட்டுத் திரும்பி வந்த மொத ஆளு நீங்களா இருப்பீங்க.”

யாரோ சிரித்து, சாவு ஞாபகம் வந்து, இருமினார்கள். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பிப் போனது. உள்ளே படுத்திருந்தவனின் கை மட்டும் கண்ணாடியைப் பிடித்திருந்தது.

தார் கொதித்ததால் பெட்டியை பஸ் ஸ்டாப் நிழலில் சிமெண்ட் பெஞ்சில் வைத்தார்கள். ஜெபத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தெரியாமல் பங்குச் சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒப்பாரியைத் தொடங்கிய மாணிக்கம்மாள் விமானத்தைப் பார்த்து நடுவில் விட்டாள். வினோலியா குடையைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே நின்றாள்.

“சாமியாருக்கு அஞ்சு மணிக்குப் பூசை கீதாம். தோள்லயே தூக்கிடலாமா?” என்றார் சைமன்ராஜ்.

“வண்டி வரட்டும் சித்தப்பா.”

“வரலன்னா?”

“வரும்.”

அவர் முழங்காலைத் தடவினார். தரிசுக்கும் ரோட்டுக்கும் ஓடி ஓடி மூச்சு வாங்கியது. “அப்போ பெட்டியை ஒரு முழம் அந்தாண்ட நகத்தும்மா. செத்த குந்திக்கறேன்.”

வினோலியா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“முடியாது. நீங்க நில்லுங்க சித்தப்பா.”

சைமன்ராஜ் பேந்தப் பேந்த விழித்தார். வெயில் சரிந்து பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் கையிலிருந்த குடையை வாங்கி, அண்ணனின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார்.