பதினேழாம் நம்பர் செல்கள்

இறந்து ஒன்பது வருஷமான பஸ் டிரைவரின் புற்றுநோய்ச் செல்கள் தினமும் காலை ஐந்தே காலுக்குக் கிளம்பின. ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் மாடியில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள், உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டின் இடது ஓரத்திலிருந்து மொத்தக் கூட்டமும் நகரும். பதினொரு இடங்களில் நிற்கும். வலது ஓரத்தைத் தொட்டுத் திரும்பும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. வியாழக்கிழமை மட்டும் அசையாது. தட்டை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள். பெட்டி விற்ற கம்பெனிக்காரர் வந்து ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "என் பெட்டி மேல தப்பில்ல சார், உங்க செல்லு மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. சுவர்க் கடிகாரம் நின்றால் செல்களைப் பார்த்து நேரம் வைத்தார்கள்.

பழகாதது ஒன்றுதான். அந்தச் செல்கள் எந்த மருந்தையும் உள்ளே விடவில்லை. சொட்டு விட்டால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும். கோடிப் பேரில் மூன்று பேருக்கு வரும் புற்று அது. அதன் செல்கள் உலகத்தில் உயிரோடு இருந்தது இந்த ஒரு தட்டில் மட்டும். எட்டு வருஷம் இது வெறும் எரிச்சலாக இருந்தது. அதே புற்றோடு இருபத்தாறு வயதுத் தையல்காரி ஒருத்தி கீழ்த்தள வார்டில் வந்து படுத்ததும் விஷயம் கழுத்துக்கு வந்தது. அவளுக்கு நான்கு மாதம் கெடு. புது மருந்து பச்சைக் குப்பியில் தயாராக இருந்தது. ஆனால் செல்லில் சோதிக்காமல் மனித உடம்பில் ஒரு சொட்டும் இறக்கக்கூடாது.

ஆராய்ச்சிக்கூடத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "நேரா அந்தப் பொண்ணுக்கே குடுத்துப் பார்த்துடலாம். உயிர் பயத்துல இருக்கா. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவா."

"அதனாலதான் சார் நீட்டக்கூடாது" என்றாள் செல்களைப் பராமரித்த ஆராய்ச்சிக்காரி. டிரைவரின் பழைய சம்மதப் படிவத்தில் இருந்த டிக், அவள் அடித்தது. அன்று அவர் அறுவை மேசையில் மயக்கத்தில் இருந்தார். கட்டி கெட்டுப்போகும் முன் எடுத்தாக வேண்டும். கண் விழித்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று அவசரமாக அடித்தாள். அவர் கண் விழிக்கவில்லை.

தலைவரிடம் தன் தப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் டிரைவரின் மனைவியைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஒரு சட்டையை மூன்று முறை பிரித்து மடித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "காட்டு" என்றாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் கூவினாள். "அடியம்மா, இது பதினேழாம் நம்பர் ரூட்டு! இது மார்க்கெட்டு... இது ரயில்வே கேட்டு... இது பள்ளிக்கூடம்." மூன்றாவது இடத்தில் செல்கள் நாற்பது நொடி தங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்பது வருஷமாக யாருக்கும் காரணம் புரியாத சுற்று அது. அவள் சிரித்தபடியே அழுதாள். "பள்ளிக்கூடம் விட்டு ஒரு டீச்சர் லேட்டா ஓடி வருவாங்க. அவங்க ஏறுற வரைக்கும் இந்த மனுஷன் இறங்கி டயரைப் பார்க்கிற மாதிரி நடிப்பாரு."

பிறகு நிமிர்ந்தாள். "கேக்காமலா எடுத்தே?"

"ஆமாக்கா."

"அப்புறம் எப்படி நிப்பாரு? கை காட்டாத ஆளுக்கு நான் ஏன் பிரேக் போடணும்னு வீட்டுலயும் இதே பேச்சுதான். போ, கை காட்டு. ஸ்டாப்புல நின்னு காட்டு. நடுரோட்டுல காட்டினா திட்டுவாரு. நிக்கிறதும் போறதும் அவர் இஷ்டம். ஆனா கடைசி ட்ரிப்புல தொந்தரவு பண்ணாதே, அசந்து போயிருப்பாரு."

கூட்டம் நான்காவது ஸ்டாப்பை நெருங்கியது. ஆராய்ச்சிக்காரி வெள்ளைக் கோட்டோடு குனிந்து, தட்டுக்கு எதிரே கையை நீட்டினாள். "அண்ணே, கீழ ஒரு பொண்ணு படுத்திருக்கா. மருந்தை ஏத்திக்கிறீங்களா?"

செல்கள் நின்றன. எப்போதும் போல அல்ல; மெல்ல, ஓரம் கட்டி. ஒரு சொட்டு விட்டாள். அது உருளவில்லை. செல்களின் சவ்வுகள் முன்னும் பின்னும் திறந்தன. பச்சை மருந்து முண்டாமல் வரிசையாக உள்ளே ஏறியது. மருந்து ஏறிய செல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மிச்சமிருந்தவை ரூட்டை முடிக்கக் கிளம்பின. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைவர் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

ஐந்து வாரம் சோதித்தார்கள். தையல்காரியிடம் எல்லாவற்றையும் விளக்கி, வேண்டாமென்று சொல்ல மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். அவள் பதினான்கு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷம் அவளே ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தாள். ஆராய்ச்சிக்காரியை ஒரு வருஷம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மறு பேச்சில்லாமல் போய், திரும்பி வந்தாள்.

இப்போது அந்தச் செல்கள் பல நாடுகளில் ஓடுகின்றன. எல்லா இடத்திலும் செய்முறைப் புத்தகத்தின் நான்காவது வரி ஒன்றுதான்: ஸ்டாப்பில் கை காட்டவும், கேட்கவும். சில நாள் செல்கள் கண்டும் காணாமல் போய்விடும். அன்றைக்கு நோட்டில் 'வண்டி நிற்கவில்லை' என்று எழுதி, குப்பியை மூடிவைத்துவிட்டு, எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போகிறார்கள்.