வதனியின் காரில் அணையா விளக்கு

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை. காலை ஆறு பத்துக்கு மர்சூக்கின் தொலைபேசி அடித்தது. காத்தான்குடியில் பற்றரிக் கடை வைத்திருக்கிற மனிதருக்கு அந்த நேரத்தில் அழைப்பு வருவது புதிதல்ல. மாரிகாலத்தில் சாகிற பற்றரியெல்லாம், ஆளுக்கு அவசரமான காலை வேளை பார்த்துத்தான் சாகும். ஆனால் திரையில் ‘வதனி கல்லடி’ என்று தெரிந்ததும் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“நானா, கார் ஸ்டார்ட் ஆகுதில்ல,” என்றாள் வதனி. காத்தான்குடி அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. “லீவு ரெண்டு கிழமையும் வீட்டிலதான் நிண்டது. திறப்பத் திருகினா டிக் டிக் எண்டுது.”

“வாறன் தங்கச்சி. பொனற்றத் திறந்து வைங்க.”

“இண்டைக்கும் பிந்தினா ஆறு புள்ளையும் ஸ்கூல் வானுக்கு மாறிரும் நானா. தக்ஷாயினி நேத்தே சொல்லிட்டா.”

மர்சூக் சட்டையை மாட்டிக்கொண்டு, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பற்றரி ஒன்றை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். அவருடைய மனைவி அஸீமா வாசலில் வந்து நின்றாள். “திரும்பவும் அந்தப் புள்ளையா? இது மூணாவது தரம். இண்டைக்காவது உண்மையச் சொல்லிருங்க. வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா இரிக்கு?”

அவர் வண்டியை உதைத்தார். வாய்க்குள் கொழுக்கட்டை இல்லை. அதைவிடப் பெரிய ஒன்று ஒன்பது மாதமாகத் தொண்டைக்குள் நின்றது.

கதை இதுதான். வதனி நாற்பது வயதுக்குப் பிறகு கார் ஓட்டப் பழகியவள். அவளுடைய கணவர் வாகரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறவர். அந்தச் சம்பளம் போதாமல்தான் வதனி ஒரு பழைய வெள்ளைக் காரை எடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேரைப் பாலம் தாண்டிப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினாள். அந்த ஆறு பிள்ளைகளும்தான் வீட்டு அடுப்பை எரிய வைத்தவர்கள். லைசன்ஸ் பரீட்சையில் மூன்று தரம் கோட்டை விட்டவள், நாலாவது தரத்துக்குக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்: இந்த முறை தேறினால் என் காரில் உனக்கு அணையா விளக்கு. அம்மன் தன் பங்கைச் செய்தாள். வதனியும் குறை வைக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே அம்மன் படம், படத்தைச் சுற்றி நெல்லுமணி அளவில் பதினொரு சிவப்புப் பல்புகள். கார் நின்றாலும் அணையக் கூடாது என்று சொல்லி, வயரை நேரே பற்றரியிலேயே பூட்டுவித்தாள்.

ஏப்ரல் விடுமுறை முடிந்த அன்று கார் கிளம்பவில்லை. பழைய பற்றரிதான், அதன் ஆயுளும் முடிந்திருந்தது. மர்சூக் புதிய பற்றரி கொண்டு போய் முனைகளை இறுக்கியபோது முன்னால் பதினொரு பல்புகளும் பளிச்சென்று எரிந்தன. திறப்பு, அந்தக் கார்ச் சாவி, வதனியின் கையில் இருந்தது. கார் நித்திரை, விளக்கு மட்டும் விழித்திருக்கிறது! இருபத்தைந்து வருடம் பற்றரியோடு கிடந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் ஓடுகிற நாட்களில், விளக்கு குடித்த சார்ஜை எஞ்சின் திரும்ப ஊற்றிவிடும். கார் இரண்டு கிழமை சும்மா நின்றால் பற்றரியை இந்த விளக்கே குடித்து முடித்துவிடும்.

சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வதனி, “அது அணையாது நானா, அம்மன்ட நேர்த்தி,” என்று பெருமையோடு சொன்னாள். மர்சூக் வாயை மூடிக்கொண்டார்.

ஏன் மூடினார் என்று கேட்டால் அவரிடம் காரணம் இருந்தது. தமிழாக்களின் ஊருக்கு வேலைக்குப் போனால் அரசியல், கல்யாணம், சாமி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவதில்லை என்பது அவருடைய சட்டம். முஸ்லிம்களின் காத்தான்குடிக்கும் தமிழர்களின் கல்லடிக்கும் நடுவில் ஒரு காலத்தில் என்னென்னவோ நடந்து முடிந்திருந்தது. தலையில் தொப்பியோடு வந்த ஒருவர் அம்மன் விளக்கை அணைக்கச் சொன்னார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும்? யாரோ அதைத் தொலைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பினால்? வாயை மூடியதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தது பயம்.

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு இரண்டாம் தரம். அன்று சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார்: “கார்ல வேற ஏதும் லைற் எரியுதா தங்கச்சி?” “இல்ல நானா, எல்லாத்தையும் நிப்பாட்டிட்டுத்தான் இறங்குவன்,” என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது லைற் அல்ல, அம்மன். அதற்கு மேல் போகத் துணிவில்லாமல், “கிட்டக் கிட்ட ஓடினா சார்ஜ் ஏறாது. இடைக்கிடை தூர ஓட்டம் போங்க,” என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

அவளும் நம்பிவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பெரியகல்லாறு வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். வழியில் மர்சூக்கின் கடையைத் தாண்டும்போது ஹோர்ன் அடித்துக் கையசைப்பாள். மர்சூக் கையைத் தூக்குவார். தலையைத் தூக்க முடியாது. இந்த இரண்டு கிழமையும் மழையால் அந்த ஓட்டமும் நின்றுபோயிற்று.

கல்லடியில் வதனியின் வீடு இருக்கிற குறுகிய ஒழுங்கைக்குள் மர்சூக் திரும்பியபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. காருக்குள் ஆறு பிள்ளைகளும் புத்தகப் பையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூச்சில் கண்ணாடியெல்லாம் மங்கியிருந்தது. பக்கத்தில் குடையோடு நின்றவள் தக்ஷாயினி. வங்கியில் வேலை செய்கிறவள், அந்த ஆறில் இரண்டுக்குத் தாய். மற்றத் தாய்மார் அவள் சொல்லுக்குத் தலையாட்டுகிறவர்கள்.

மர்சூக் பழையதைக் கழற்றி, கொண்டு வந்ததைப் பூட்டினார். பல்புகள் எரிந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வதனி திறப்பைத் திருகினாள். ஒரே தடவையில் எஞ்சின் பிடித்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

தக்ஷாயினி கத்தவில்லை. “இண்டைக்கு ஓடுது. நாளைக்கு? நீங்களே சொல்லுங்க நானா. பிழை காரிலயா, பற்றரியிலயா?”

காரில் என்றால் வதனியின் பிழைப்புப் போய்விடும். விளக்கில் என்று சொல்ல நா எழவில்லை. மர்சூக் கழற்றிய பற்றரியைத் தூக்கிக் காட்டினார். “பற்றரியிலதான். நான் குடுத்ததிலதான் பிழை. புதுசு மாத்திக் குடுக்கிறன்,” என்றார்.

“ஏப்ரலில பழைய பற்றரி எண்டீங்க. ஓகஸ்டில கிட்ட ஓட்டம் எண்டீங்க. இப்ப புதுப் பற்றரியே பிழையாம்.” தக்ஷாயினி வதனியின் பக்கம் திரும்பினாள். “ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கதை. எத நம்புறதெண்டு தெரியல்ல. நாளையில இருந்து புள்ளையள் வான்ல போகட்டும் அக்கா. குறை நினைக்காதீங்க.”

வதனியின் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் கியரைப் போட்டாள். “நானா, போயிராதீங்க. புள்ளையள விட்டுட்டு வாறன்,” என்று மட்டும் சொன்னாள்.

மர்சூக் கார் நிற்கிற தகரக் கொட்டிலுக்குள் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கழற்றிய பற்றரியைத் தட்டிப் பார்த்தார், மீற்றரை வைத்துப் பார்த்தார். பாவம், அதில் ஒரு குறையும் இல்லை. பட்டினி போட்டுக் கொன்றால் எந்தப் பற்றரிதான் தாங்கும்? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பழியைத் தன் தலையில் போட்டால் அவள் தப்புவாள் என்று நினைத்தார். அதுவும் நடக்கவில்லை.

எட்டேகாலுக்கு வதனி வந்தாள். காரை நிறுத்தித் திறப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

“நானா, இந்த ஒழுங்கையில நாலு பேரு உங்களிட்டப் பற்றரி வாங்கியிரிக்காங்க. ஒண்டும் இப்பிடிச் சாகல்ல. உங்கட பற்றரியில பிழையில்ல எண்டு எனக்குத் தெரியும். என்னத்துக்குப் பொய் சொன்னீங்க?”

மர்சூக் எழுந்தார். பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி, இடையில் மீற்றரைப் பூட்டி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். “கார் நிண்டிட்டு. திறப்பு உங்கட கையில. ஆனா இந்தா, இவ்வளவு கரண்ட் போய்க்கொண்டிரிக்கு. ராவும் பகலும்.”

“எங்க போகுது?”

அவர் விரல் நீட்டவில்லை. கண்ணை மட்டும் காருக்குள் திருப்பினார். வதனியும் பார்த்தாள். பதினொரு பல்புகளும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தன. அவள் மீற்றரைப் பார்த்தாள், பிறகு திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

“எப்ப கண்டுபிடிச்சீங்க?”

“முதல் நாளே.”

“ஏப்ரலிலயா?” அவளுடைய குரல் உயர்ந்தது. “அப்ப நான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பெரியகல்லாறு மட்டும் போய்க் கிறுகி வந்தது?”

“அது... பற்றரிக்கு நல்லதுதான் தங்கச்சி.”

“பெற்றோல் செட்காரனுக்கும் நல்லதுதான்!”

மர்சூக் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் திட்டவில்லை. காரின் கதவில் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னாள்.

“நானா, எங்கட ஊர் அம்மன் கோயில் கதவு வருசத்தில ஒருக்காத்தான் திறக்கிற. வைகாசியில ஒரு கிழமை. குளிர்த்திச் சடங்கு முடிஞ்சி கதவப் பூட்டினா, மறுகா அடுத்த வைகாசி மட்டும் உள்ளுக்க ஒரு விளக்கும் இல்ல. வருசம் முழுக்க இருட்டில இருக்கிறவவுக்கு, என்ட காருக்குள்ள ராவையில லைற் இல்லையெண்டா கோவம் வரப் போகுதா?”

மர்சூக்குக்கு இது தெரியாது. ஐம்பது வருடமாகக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, அந்தக் கோயிலின் கதவு பூட்டிக் கிடப்பதைப் போகிற வழியில் எத்தனையோ தரம் பார்த்தும் ஏன் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

“அப்ப நேர்த்தி?” என்று மெல்லக் கேட்டார்.

“அம்மனோட நான் கதைச்சுக்குவன். நீங்க என்னோடயெல்லவா கதைச்சிருக்கோணும்?” அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. “கழட்டுங்க. நான் ஓடக்குள்ள மட்டும் எரியிற மாதிரிப் பூட்டித் தாங்க.”

“படத்த நீங்க ஒருக்கா எடுத்து வைங்க.”

“நீங்களே எடுங்க நானா.”

அவர் தன் கையைப் பார்த்தார். கிறீஸும் கறுப்புமாக இருந்தது. குழாயடிக்குப் போய் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். வதனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அவர் இரண்டு கையாலும் படத்தை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். வயரைப் பற்றரியிலிருந்து பிரித்துத் திறப்போடு சேர்ந்து வேலை செய்கிற வயரில் இணைத்தார். படம் திரும்பவும் தன் இடத்துக்குப் போயிற்று. திறப்பைத் திருகினால் எரிந்தது, கழற்றினால் அணைந்தது. மூன்று தரம் செய்து பார்த்தார்கள். இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. தூறல் மட்டும் தன்பாட்டில் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பத்து நிமிட வேலை. ஒன்பது மாதம் பிந்தியிருந்தது.

வதனி தொலைபேசியை எடுத்து அழுத்தினாள். மணி அடிக்கும்போதே அதை அவர் கையில் திணித்தாள். “தக்ஷாயினி. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இன்னொரு கதையெண்டு நினைப்பா.”

மறுமுனையில் தக்ஷாயினி ஹலோ என்றாள்.

“தங்கச்சி, நான் பற்றரிக் கடை மர்சூக். இண்டைக்குக் காலம நான் சொன்னது பொய். பற்றரியில பிழையில்ல, காரிலயும் பிழையில்ல. அம்மன்ட படத்து லைற் ராவு பகலா எரிஞ்சதிலதான் பற்றரி இறங்கினது. இப்ப சரிப்படுத்திட்டன், இனி அப்பிடி வராது. முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்து சொல்லாம விட்டன்.”

“வதனியக்காவுக்கா பயந்தீங்க?”

“உங்க எல்லாருக்கும்தான்.”

அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது. ஆட்கள் நடக்கிற சத்தமும் எங்கோ கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. பிறகு தக்ஷாயினி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“நானும் ஒண்டு சொல்லோணும் நானா. பழசப் புதுசெண்டு தலையில கட்டிட்டாங்க, காத்தான்குடியில வாங்கினா இப்பிடித்தான் எண்டு இங்க வேலை செய்றாக்கள் எல்லாரிட்டயும் சொல்லிட்டன். ஓகஸ்டில இருந்து சொல்லிக்கொண்டுதான் இரிக்கன்.” மூச்சை இழுத்து விட்டாள். “நான் பிழை. அவங்களிட்ட நானே சொல்லுறன். வான்காரனுக்கும் வேணாமெண்டு சொல்லிர்றன். நாளைக்கு ஆறரைக்குப் புள்ளையள் நிக்கும் எண்டு அக்காட்டச் சொல்லுங்க.”

மர்சூக் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். எந்தப் பேச்சு கிளம்பிவிடும் என்று பயந்து வாயைப் பூட்டினாரோ, வாயைப் பூட்டியதாலேயே வேறொரு பேச்சு ஐந்து மாதமாக ஊரில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

“என்ன சொன்னா?” என்று வதனி கேட்டாள்.

“நாளைக்குப் புள்ளையள் வருமாம்.”

அவளுடைய முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. தக்ஷாயினி வங்கியில் சொல்லித் திரிந்த மற்றதை வழக்கம்போல விழுங்கப் பார்த்தார். பிறகு, மீன்பெட்டியில் உட்கார்ந்து, அதையும் சொன்னார்.