பலகைக் கதவுக்கு ஓர் ஆமென்

2019 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை காலை, நைஜீரியாவின் அசாபா நகரில் ஒட்டுப்பலகைக் கதவு ஒன்றின் வழியாக நடந்துபோன நடிகன் சோமாடினா, கதவின் மறுபக்கத்துக்கு வந்து சேரவில்லை. மறுபக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு ஜெனரேட்டரும், படப்பிடிப்புக் குழுவுக்குச் சமைக்கும் கம்பாரியின் அடுப்பும்தான். "போட்ட சோத்தைத் தின்னாம ஓடுற ஆளா அவன்?" என்றாள் கம்பாரி. மாலை வரை அவனுடைய தட்டை மூடியே வைத்திருந்தாள்.

படத்தை எடுத்துக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா ஒபியாகெலி. ஊரில் யாரையும் விட்டுவைக்காத கேலிப்படம் அது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றுக்காகப் போதகர்களை ஒரே வீட்டில் அடைத்துவைப்பார்கள். யாருடைய அற்புதம் பெரிது என்று சனங்கள் போனில் ஓட்டுப் போடுவார்கள். தோற்றவன் அந்த ஒட்டுப்பலகைப் பரலோகக் கதவு வழியாக வெளியேற வேண்டும். அன்று தோற்க வேண்டியது போதகர் வேடத்தில் இருந்த சோமாடினா. எந்தப் படப்பிடிப்பும் ஜெபத்தோடுதான் தொடங்கும், ஆனால் வழக்கமாக ஜெபிக்கும் பாஸ்டரின் கார், ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஒனிச்சாவுக்கான பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. வெயில் ஏறுகிறதே என்ற அவசரத்தில் ஒபியாகெலி, போலித் தீர்க்கதரிசி வேடத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்ற ஒக்வுடிலியிடம், "நீயே ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சு விடுப்பா" என்றாள். அவனுக்கு வாயில் வந்தது அன்றைக்கு மனப்பாடம் செய்திருந்த வசனம்: "இந்தக் கதவைத் தாண்டுறவன் திரும்பாம இருக்கட்டும்." கண்ணை மூடி நின்ற அத்தனை பேரும் தொண்டை கிழிய ஆமென் என்றார்கள். பேருந்தில் மூலிகை விற்பவன் ஜெபித்தாலும் ஆமென் சொல்லாமல் இறங்காத ஊர் அது.

சாயங்காலம், கேமரா அணைந்து வெகுநேரமான பிறகும், மானிட்டரில் சோமாடினா இருந்தான். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, இங்க பசிக்கவே மாட்டேங்குது" என்றான். பசிக்குது என்று சொல்லாத ஒரு நாளை அவன் வாழ்ந்ததில்லை.

கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். மறுநாள் தெருவே திரண்டது; அடுத்த வாரம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பேருந்துகள் வந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் நேரலை கேட்டார்கள், ஒபியாகெலி மறுத்தாள், அவர்கள் சுவருக்கு வெளியே நின்று எடுத்துக்கொண்டார்கள். படத்தில் காட்ட இருந்த போன் எண் ஓர் இலக்கம் குறைவானது, ஆனாலும் ஓட்டுகள் வந்து குவிந்தன. மின்சாரம் போகும்போதெல்லாம் அவன் முகம் மங்கியது. அதனால் ஜெனரேட்டரை அணைப்பதே இல்லை. அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதை ஒபியாகெலி யாரிடமும் விடவில்லை. டிசம்பரில், சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்றின் புழுதி இறங்கிய நாட்களில், சோமாடினாவின் நாற்காலி மெல்லத் திரும்பத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குள் அவனுடைய முதுகுதான் தெரிந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

புத்தாண்டு அன்று அவள் ஒக்வுடிலிக்கு மறுபடி வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, அதே கூட்டத்தின் நடுவில் புது வசனத்தைச் சொல்ல வைத்தாள்: "போனவன் திரும்பி வரட்டும்." யாரும் வாய் திறக்கவில்லை. ஒபியாகெலி மட்டும் ஆமென் என்றாள். கதவின் கைப்பிடி பாதி திரும்பி, நின்று, பழைய இடத்துக்குப் போனது.

"ஒரு வார்த்தைதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினாள் ஒபியாகெலி.

"கோவிக்காதீங்க மேடம்," என்றாள் முன்வரிசையில் இருந்த ஒனிச்சாக்காரி, மடியில் காய்ச்சல் பிள்ளையோடு. "உங்க தம்பி இறங்கி வந்துட்டா, நாங்க யார்கிட்ட போய் மண்டி போடுறது?"

படம் ஈஸ்டருக்கு முன் முடிந்தது. கடைசிச் சட்டகத்தில், அந்த ஊர்ப் படங்கள் எல்லாவற்றிலும் வருவதுபோல, கர்த்தருக்கே மகிமை என்று எழுத்து வந்தது. அன்று பிற்பகல் ஒபியாகெலி ஜெனரேட்டரில் பெட்ரோலை நிரப்பினாள், கம்பாரி கொடுத்த ஜொலோஃப் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள், கயிற்றை அவிழ்த்துக் கதவைத் தாண்டினாள். கூட்டம் ஆமென் என்றது.

மானிட்டரில் இப்போது இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. இரண்டும் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கின்றன. பெட்ரோல் ஊற்றுவது ஒக்வுடிலி.